ருசி பார்த்தவர்

"நேத்து தாஹர் ருசி பார்த்தானாமே?"

வந்ததும் வராததுமாக ஸல்ஹா கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நஜ்வா நிமிரவில்லை. ரவை மாவை உருட்டி உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பிய மண்ணுல வெச்சு முழுசா ரெண்டு மாசம் ஆகல. நீ பிளாக்குல எழுதியிருக்கே, 'எங்க வீட்டுக்காரர் ஒரு துண்டு வாயில போட்டுட்டு இனிப்பு தூக்கல்னு சொன்னார்'னு. ஸ்ஃபாக்ஸ் ஊரு பூரா சிரிக்குது. ஹம்மாம்ல குளிக்கப் போனா ஒருத்தி, 'உங்க தம்பிக்கு உடம்பு தேவலையா'ன்னு என்கிட்டயே கேக்கறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"தேவலைன்னு சொல்லியிருக்கலாம் மதினி."

ஸல்ஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனுக்கு அக்கா அவள். கோபம் வராமல் என்ன செய்யும்?

நஜ்வா இன்னும் புருஷனுக்காகத் துக்கம் காக்கும் இத்தாவில் இருப்பவள். அந்தக் காலம் முடியும்வரை வீட்டுப் படி தாண்டக் கூடாது. கீழே பலகாரக் கடையை ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். மாடியில் இவள் செய்து அனுப்புகிறாள். வியாழக்கிழமை தவறாமல் கடையின் வலைப்பூவில் எழுதுகிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் இப்போது பாதிப் பேர் கடைக்கு வருகிறார்கள்.

தாஹர் இருந்தவரை மக்ரூத், பக்லாவா, அதை விட்டால் எள்ளுருண்டை. அவருடைய வாப்பா காலத்துச் சரக்கு. புதிதாக எதையாவது நீட்டினால், "இருக்கறது போதாதா?" என்று தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன். அப்படிப்பட்டவர், போய்ச் சேர்ந்த பிறகு, வலைப்பூவில் வாரத்துக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அத்திப்பழம் வைத்த மக்ரூத். கசப்பு ஆரஞ்சுத் தோல் போட்ட பக்லாவா. எதுவும் மிஞ்சியதில்லை.

"செத்தவன வெச்சு வியாபாரம் பண்றே நீ."

"எழுத உக்காந்தாத்தான் மதினி எனக்கு யோசனையே வருது. இதுக்கு அவர் என்ன சொல்லுவார்னு நெனச்சுப் பாக்கறேன். அவர் ஒரு குறை சொல்றார். நான் ஒண்ண மாத்தறேன். அப்படியே புதுசா ஒண்ணு வந்துருது."

"அவனா? எங்க உம்மா உப்பைக் கூட்டினாலே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். அவனா புதுசு புதுசாக் கேக்கறான்? பொய்யாவது பொருத்தமாச் சொல்லு."

நஜ்வாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது. அதை ஸல்ஹா பார்க்கவில்லை. கைப்பைக்குள் போனைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் எழுதத் தெரியும். நீ எழுதினதுக்குக் கீழயே போடறேன், தாஹர் மௌத்தாயிட்டான், இவ புளுகறான்னு. ஊரே படிக்கட்டும்."

நஜ்வா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸல்ஹாவின் கறுப்பு அங்கியெல்லாம் மாவாகிவிட்டது.

"வேணாம் மதினி. வஜ்தி படிக்கறான்."

வஜ்தி நஜ்வாவுடைய ஒரே பிள்ளை. கடல் தாண்டி இத்தாலி போனவன். தங்குவதற்கு அனுமதி கேட்டு மனு போட்டுவிட்டு, இன்று வரும் நாளை வரும் என்று காத்துக் கிடக்கிறான்.

"வாப்பா போயிட்டாங்கன்னு தெரிஞ்சா அங்க ஒரு நிமிஷம் இருக்கமாட்டான். ஓடி வந்துருவான். வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. அப்புறம் என்ன பண்ணுவான்? மறுபடியும் ராவோட ராவா படகு ஏறுவான். போன தடவ கரை சேந்தானா இல்லையான்னு தெரியாம நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இன்னொரு தடவ என்னால முடியாது."

ஸல்ஹா கையை உதறவில்லை.

"அவன்கூட போன்ல பேசறதையே விட்டுட்டேன். என் குரலே காட்டிக் கொடுத்துரும். நல்லவேளை, அவனும் வற்புறுத்தல. நான் எழுதினதுக்குக் கீழ மட்டும் எழுதுவான். 'வாப்பா இந்த வாரம் என்ன சொன்னாங்க உம்மா? ஆரஞ்சுத் தோல் போடச் சொல்லலியா?'ன்னு கேப்பான். பிள்ளை கேட்டுட்டானேன்னு போட்டுப் பாப்பேன். அடுத்த வாரம், 'அத்திப்பழம் வெச்சா வாப்பா திட்டுவாங்களா?'ம்பான். வெச்சுப் பாப்பேன். அவனுக்குப் பதில் எழுதணுமேன்னுதான் காலைல எந்திரிக்கறேன். இல்லாட்டி இந்த அடுப்ப மூட்டியிருக்கவே மாட்டேன். சுவரப் பாத்துப் படுத்தே போயிருப்பேன்."

ஸல்ஹா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் மடியில் விழுந்தது.

"நீங்க திட்டினாலும் பரவால்ல மதினி. அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"உனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்," என்றாள் ஸல்ஹா.

"என்னது?"

"தாஹர் ஜனாஸாவத் தூக்கிக்கிட்டு இந்தப் படி இறங்கறப்ப நீ உள்ள மயங்கிக் கிடந்தே. மாடியில நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான். வஜ்தி வீடியோல பாத்துட்டுத்தான் இருந்தான். தெரு முனை திரும்பற வரைக்கும் பாத்தான்."

நஜ்வா ஸல்ஹாவின் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள்.

"வராதடா, உங்க உம்மா தாங்கமாட்டான்னு சொன்னேன். 'வரல மாமி. உம்மா படுத்துடாம நான் பாத்துக்கறேன்'னான். அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நீ என்னத்தடா பாத்துக்கப் போறேன்னு, நான் அவனை ஏசிட்டு போனை வெச்சேன்."