அடிக்கவும்

தேரடி வீதித் தட்டச்சு நிலையத்தில், பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஒரு காகிதக் கட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. வரலாற்று ஆசிரியர் சோமசேகரனின் ஆய்வேடு அது. பக்கத்துக்குப் பக்கம் 'பாலஸ்தீனர்' என்ற சொல்லின்மேல் அவருக்கு வழிகாட்டும் சென்னைப் பேராசிரியரின் சிவப்புக் கோடு. "நாப்பத்தெட்டுல ஊரை விட்டுத் துரத்தினதுலேருந்து பதினாலு வருஷமா கூடாரத்துல கிடக்கிறாங்க. வெறும் அகதின்னு போட்டா போதுமாம், ஐ.நா. அறிக்கையில அப்படித்தான் இருக்காம்." சோமசேகரன் ஒரு சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஊன்றுகிறார். தட்டச்சு செய்யும் மங்களாம்பிகை பேராசிரியரின் கையெழுத்தைப் பார்க்கிறாள்: ஆத்தூர் கைலாசநாதன். "அவரு பேருக்கு மட்டும் ஊர் வேணுமா?" பக்க ஓரத்தில் அவர் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கிறாள்: "பாலஸ்தீனர் என்பதை எல்லா இடத்திலும் அடிக்கவும்." புதுக் காகிதத்தைச் செருகுகிறாள். விசைகள் படபடக்கின்றன; 'பாலஸ்தீனர்' என்ற சொல் மறுபடியும் காகிதத்தில் விழுகிறது. "அடிக்கவும்னுதானே எழுதியிருக்காரு? அடிக்கிறேங்க, எல்லா இடத்துலயும்."