ஒரு படி தவிடு

"முன்னால பிறந்த நாலும் தங்கல. அதான் உன்னைப் பிறந்த உடனே அடுத்த வீட்டுல குடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திருப்பி வாங்குனேன். எமன் ஏமாந்துட்டான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். தவிட்டம்மாள் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அறுபத்தெட்டு வயதில் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தவளுக்கு ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் நகல் கிடைத்தது. அம்மாவின் பெயரில் ஐந்து பிறப்பு, ஐந்து இறப்பு.

அந்த அடுத்த வீட்டுக்காரியின் மகள் ஒச்சம்மாளைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது. "ஆபீசுல தப்பா எழுதிட்டாங்க போலக்கா" என்று தவிட்டம்மாள் சிரிக்கப் பார்த்தாள்.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. "எழுத்து சரிதான். எழுதி வச்சதே உங்கய்யாதான். அந்தப் பிள்ள எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே மூச்சடங்கிப்போச்சு. உங்கம்மா தவிட்டோட வாசல்ல நிக்கிறா. எங்கம்மா மடியில பச்சப்பிள்ளையா என் தங்கச்சி. வேற என்ன செய்வா, சொல்லு?"

"பொய் சொல்லாதக்கா."

ஒச்சம்மாள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் மக்கிய வாடை அடித்தது. "அந்தத் தவிட்டுல ஒரு பிடிகூட மாட்டுக்கு வைக்கல எங்கம்மா. என்னைக்காவது வருவா, இதைத் திருப்பிக் குடுத்துட்டா அவ நம்ம பிள்ளன்னு சொல்லிட்டுப் போனா. மடியைப் பிடி."

"வேண்டாங்க்கா, நான் வீட்டுக்குப் போறேன்."

"எந்த வீட்டுக்கு?"

தவிடு கொட்டத் தொடங்கியபோதுதான், தன் இரண்டு கைகளும் முந்தானையை விரித்துப் பிடித்திருப்பதைத் தவிட்டம்மாள் பார்த்தாள்.