மூன்று நாளும் மூன்று மாதமும்

"ஸ்குரூ போட்டால் காணும் எண்டுறன்..."

"போட்டுப் பொருந்தாட்டி? திரும்பவும் வெட்டுறதோ? குண்டை வைச்சால் மூண்டாம் நாள் எழும்பி நிப்பா."

"மேலையிருந்து விழுற குண்டு காணாதெண்டு அம்மாவின்ரை இடுப்புக்குள்ளையும் ஒண்டோ, அண்ணை?"

ஆஸ்பத்திரிக் கட்டிலின் இந்தப் பக்கம் யசிந்தா. அந்தப் பக்கம் கனிசியஸ். நடுவில், காலில் மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டபடி தாய் மக்டலீன். உடைந்தது அவளுடைய இடுப்பு; சண்டை பிள்ளைகளுடையது.

காலையில் டொக்டர் இரண்டு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். உடைந்த எலும்பையே ஸ்குரூ போட்டு இறுக்கலாம். சின்ன வெட்டு, ஆனால் மூன்று மாதம் கால் நிலத்தில் படக் கூடாது. அல்லது எலும்பின் தலையை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைக்கலாம். பெரிய வெட்டு, மூன்றாம் நாளே நடக்கப் பழகலாம்.

"எழுபத்தாறு வயசு. அவ்வளவு ரத்தம் போனால் தாங்குவாவோ? மூண்டு மாசமும் நான் பாக்கிறன்."

"ஷெல் விழேக்கை? தூக்கிக்கொண்டு பங்கருக்கை ஓடுவியோ? அம்மா தன்ரை காலிலை நிண்டால்தான் நான் நிம்மதியாய்ப் போகலாம்."

போகலாம்.

மக்டலீனின் விரல் செபமாலையில் ஒரு மணியைத் தவறவிட்டது. கிளாலியில் படகு, பிறகு கொழும்பு, பிறகு பிரான்ஸ். இவனுக்கு முன்னே போன இரண்டு பிள்ளைகளும் இப்போது கடிதமாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள்.

"ஊரைவிட்டுப் போறதுக்குத் தந்த பாஸைத் துலைச்சுப்போட்டு நிக்கிற ஆளின்ரை கதையைப் பார்!"

"ஆர் துலைச்சது? மேசையிலைதான் வைச்சனான். புதன்கிழமை அம்மா விழுந்த அமளியிலை காணேல்லை."

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேந்துவிடுங்கோ. காணாமல் போனதை அவர் எடுத்துத் தருவார்."

மக்டலீன் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுச் சுவரில், கைக்கெட்டா உயரத்தில் அந்தோனியாரின் கூடு. ஸ்டூலில் ஏறித் தூசி தட்டும்போது விழுந்தேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். பாஸைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டியவன் சுரூபத்தின் முதுகுப் பக்கம் மட்டும் கை வைக்கவில்லை.

"அவர் தரவேண்டாம். வேறை பாஸுக்கு எழுதிக் குடுத்திட்டன். வெள்ளிக்கிழமை கிடைக்கும்."

அவள் கண்ணைத் திறந்தாள். திரும்பிப் படுக்கப் பார்த்தாள், மணல்மூட்டை விடவில்லை.

டொக்டர் வந்து கட்டிலடியில் நின்றார். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவர் கையைக் காட்டி அடக்கினார்.

"வெட்டப்போறது உங்களையம்மா. நீங்கள் சொல்லுங்கோ. எது?"

மக்டலீன் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய புதுச் சப்பாத்தைப் பார்த்தாள்.

"டொக்டர் ஐயா, ஸ்குரூ போட்டால் மூண்டு மாசம் எண்டனீங்கள். அது நாலு, அஞ்சாகவும் கூடுமோ?"