பொதுவான ஆளு

மக்கா, எங்கப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு அருவாளோட வயக்காட்டுல நிக்காவ. சித்தப்பா தோள்ல ஏற்கெனவே ஒரு வெட்டு விழுந்து ரத்தம் ஒழுகுது. தாத்தா வெட்டுன கெணத்துல யாரு மொதல்ல மோட்டார் போடுததுன்னுதான் சண்டை.

நாலு பேரு அவங்கள மறிச்சு வச்சிருந்த நேரத்துல, நான் பைக்குல பறந்து சங்கரன்கோவில்லேருந்து நெல்லைநாயகம் அண்ணாச்சிய ஏத்திட்டு வந்தேன். பஞ்சாயத்துன்னா அவருதான். எந்தப் பக்கமும் சேராத ஆளு.

வந்தவரு நேரா நடுவுல போய் நின்னாரு.

"எதுக்குவே வெட்டிக்கிடுதிய? கெணறு உங்க ரெண்டு பேருக்குமே இல்ல. உங்கய்யா சாராயத்துக்காக அத எனக்கு எப்பமோ வித்துட்டான்."

"ஏலே, எங்கய்யாவயா சொல்லுத?"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணா கத்துனாவ.

அம்புட்டுதான். அண்ணனும் தம்பியும் அருவாளப் போட்டுட்டு, சேர்ந்து அவரக் கீழ தள்ளி மிதிச்சாவ. நான் போய் தடுக்குததுக்குள்ள அவரு கை ஒடிஞ்சு, முன்பல்லு ரெண்டும் தெறிச்சிட்டு.

ஆஸ்பத்திரில வச்சு கேட்டேன். "கெணத்த நெசமாவே வாங்கினியளா அண்ணாச்சி?"

"நான் எங்கலே வாங்குனேன்? அந்த நேரத்துல வாயில வந்தத சொன்னேன். ரெண்டு பேரும் எங்க?"

"போலீஸ் வருதுன்னு ஓடிட்டாவ."

"தனித்தனியாவா?"

"இல்ல, ஒரே பைக்குல. எங்கப்பா ஓட்ட, சித்தப்பா பின்னால அவரக் கட்டிப் பிடிச்சிட்டுப் போனாவ."

அண்ணாச்சி ரத்த வாயோட சிரிச்சாரு.

"அப்போ பஞ்சாயத்து முடிஞ்சிட்டுலே."