கேப்டனின் பதினான்காவது முட்டை

ரன் எதுவும் எடுக்காமல் அவுட்டாகி, முட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய கேப்டனுக்கு மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கோடையில் அது அவருடைய பதினான்காவது முட்டை. இங்கிலாந்தின் அந்தக் கவுண்டி அணியின் சரித்திரத்தில் வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஆப்ரி வின்டர்போர்ன் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு, கனவான்களின் வாசல் வழியாக உள்ளே போனார். சம்பளத்துக்கு ஆடும் மற்ற பத்துப் பேருக்கும் பின்பக்கம் வேறு வாசல், வேறு அறை. சம்பளம் வாங்காத கனவான்தான் கேப்டனாக இருக்க வேண்டும் என்பது கமிட்டியின் பிடிவாதம். 1928-ல் கோடை முழுக்க வேலைவெட்டி இல்லாத கனவான் அந்த வட்டாரத்தில் இவர் ஒருவர்தான் கிடைத்தார்.

அவருக்கு உயிர், பட்டாம்பூச்சிகள். டாஸ் போடக் கிளம்பும்போதெல்லாம் மூத்த பந்துவீச்சாளர் க்ளெக்கை ஓரமாக அழைப்பார்.

"ஜெயிச்சா என்ன கேக்கணும், க்ளெக்?"

"பேட்டிங் கேளுங்க சார்."

"தோத்துட்டா?"

"ஒண்ணும் கேக்க வேணாம் சார். திரும்பி வந்துடுங்க."

ஜூலையில் ஒரு ஆட்டத்தின் நடுவே அபூர்வமான நீலப் பட்டாம்பூச்சி ஒன்று பறந்தது. கேப்டன் அதைத் துரத்திக்கொண்டு எல்லைக் கோடு வரை ஓடினார். இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று குழம்பிய எதிரணி ஆட்டக்காரன், அடிக்க ஓங்கிய மட்டையைப் பாதியில் நிறுத்தி, க்ளெக்கிடம் போல்டானான். 'வின்டர்போர்னின் ராஜதந்திரம்' என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

இருபது வருஷமாகக் கடைசியில் கிடந்த அணி இப்போது பட்டியலில் மூன்றாவது. இருந்தும் கேப்டனுக்கு மனசு கேட்கவில்லை. அன்று ஆட்டம் முடிந்ததும் மட்டையை மூலையில் சாய்த்துவிட்டு, கமிட்டிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான் க்ளெக். அவன் முதுகுக்குப் பின்னால் அணி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அறைக்குப் பக்கத்தில்கூட அவர்கள் வந்ததில்லை.

"நீங்க விலகப் போறதா பேச்சு அடிபடுது சார். நெஜமா?"

"ஆமா க்ளெக். உங்க பத்துப் பேர் உழைப்பையும் நான் ஒருத்தன் கெடுக்கறேன்."

"யார் சார் அப்படிச் சொன்னது? சொல்லுங்க, போய்க் கேக்கறோம்!" என்று பின்னாலிருந்து விக்கெட் கீப்பர் எகிறினான்.

க்ளெக் ஒரு காகிதத்தை நீட்டினான். கேப்டன் போகக்கூடாது என்று கமிட்டிக்கு எழுதிய மனு. கீழே பத்துக் கையெழுத்து.

கேப்டனின் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட அவரை யாரும் தங்கள் பக்கம் விளையாட விரும்பிக் கேட்டதில்லை.

"எனக்காகவா? நான் ஒரு ரன்கூட உருப்படியா எடுக்கலியே!"

"ரன்னை நாங்க எடுத்துக்கறோம் சார். நீங்க இருந்தாப் போதும்."

"இல்ல க்ளெக், நியாயம்னு ஒண்ணு இருக்கு. இந்தியாவுலேர்ந்து கர்னல் ஹார்க்னெஸ் திரும்பி வந்திருக்கார். அடுத்த கேப்டன் அவர்தான்னு கமிட்டியே முடிவு பண்ணி வெச்சிருக்கு."

வாசலில் நின்ற பத்து முகமும் வெளுத்தது.

"தங்கமான மனுஷன்யா அவர். உங்களையெல்லாம் மரியாதையா நடத்துவார். அவர்கிட்ட என்ன கொறையக் கண்டீங்க?"

க்ளெக் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"அவருக்குக் கிரிக்கெட் தெரியுமாம், சார்."