பெயர் இருந்த துண்டு

பித்தளைக் குடத்தை நான்கு துண்டாக உடைத்த பிறகு பட்டறைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஒரு துண்டை எடுத்து, குடத்தைக் கொண்டுவந்தவன் பக்கம் நீட்டினார். அதில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து. பூங்கோதை.

"பேரு இருக்குற துண்டைத் தனியா வச்சிக்கிறீங்களா? எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

"வேணாங்க. அதையும் சேத்துப் போட்டுருங்க."

உலையில் உருக்கும் மூசைக்குள் கடைசியாக அதுதான் விழுந்தது. மற்றவை இளகிய பிறகும் அந்த எழுத்துகள் கொஞ்ச நேரம் சிவப்பாகத் தெரிந்தன.

அவன் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் இறந்துபோன அவன் முதல் மனைவி பூங்கோதை. அவள் சீராகக் கொண்டுவந்த குடம் அது. இரண்டாவதாக வந்த வசுமதி மூன்று வருடமாக அதில்தான் தண்ணீர் எடுத்தாள்.

மூத்தவள் பெயரை எந்தப் பெண் இடுப்பில் சுமப்பாள் என்று அவனாகவே முடிவு கட்டினான். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய புத்திசாலி, கேட்கவில்லை. ஓட்டையை அடைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொன்னான். குடத்தை உருக்கிக் குத்துவிளக்காக வார்த்து, அடியில் வசுமதி பெயரை வெட்டித் தரச் சொல்லியிருந்தான்.

பத்தாம் நாள் விளக்கோடு வீட்டுக்கு வந்தான்.

வசுமதி விளக்கைப் பார்த்தாள். தன் பெயரையும் பார்த்தாள். அவன் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"குடம் எங்க?"

"இதுதான் அது. அதே பித்தளைதான்."

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். வேறெதுவும் இல்லை.

"பேரு இருந்த துண்டு?"

அவன் விளக்கைத் தரையில் வைத்தான்.

"வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்ச்சதும், பாப்பா வெரலப் புடிச்சு அந்தப் பேரு மேலதான் எழுத வப்பேன். இதான் உங்க அம்மான்னு சொல்லிச் சொல்லி..."



கல்யாணப் போட்டோ ஒரு மழைக்காலத்தில் ஊறிப்போயிருந்தது. பூங்கோதை என்று காட்ட அந்த வீட்டில் வேறொன்றும் கிடையாது.

அவனுக்கு இது எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை சந்தை நாள். அவன் ஒரு வெள்ளிக்கிழமைகூட வீட்டில் இருந்ததில்லை.

இருந்திருக்கலாம்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை பித்தளையைக் கண்டதும் ஓடி வந்தது. பத்து நாளாகக் குடம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை. விளக்கின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுற்றிச் சுற்றித் தடவியது.

அடியில் புள்ளிகள் தட்டுப்பட்டன.

முகம் மலர்ந்தது. முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்தது.

"அம்மா," என்றது.

வசுமதி அந்த விரலைப் பிடித்து எடுத்தாள்.

"இல்ல கண்ணு. இது நான்."