விரிப்பின் மறுமுனை

"யாரும் ஓட வேண்டாம்! நான் ஒருத்தரைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

பின்வாசலில் நின்ற பெண் அதிகாரி இதைச் சொல்லி முடிப்பதற்குள் சலவைக்கூடம் காலியாகிவிட்டது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் இடம் அது. கொடிகளில் தொங்கிய ஈர விரிப்புகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் வரிசையாக ரப்பர் செருப்புக் கால்கள் தெரிந்தன.

முன்வாசலில் புது ஆள் யாராவது வந்தால் முதலாளி மணி அடிப்பார். கணக்கில் காட்டாத ஆட்கள் உடனே விரிப்புகளுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கணக்கில் காட்டினால் வரி, காப்பீடு என்று அவருக்குச் செலவு. இன்று ஆள் வந்தது பின்வாசல் வழியாக. அதனால் மணி அடிக்கவில்லை.

ஒருத்தி மட்டும் அசையவில்லை. ஐம்பதை நெருங்கியவள். நீராவி விடும் தேய்ப்பு உருளைக்கு முன்னால், விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

"வேலை இல்லைன்னு எழுதிக் கொடுத்து அரசாங்க உதவித்தொகை வாங்குறது நீங்கதானே? இங்க வேலை செய்யறீங்கன்னு போன்ல புகார் வந்திருக்கு."

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "வேலையா? இவங்களா? வீட்டுத் துணி போட வந்தவங்க மேடம். சொல்லுங்கக்கா!"

அவர் அவளை மரியாதையாகக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"வேலைதான் செய்யறேன் மேடம். நாலு வருஷமா. கூலி கையில கொடுப்பார். வாடகை போனா பஸ்ஸுக்குக்கூட மிஞ்சாது. அதனால அந்தப் பணத்தையும் வாங்கிட்டேன். தப்புதான்."

அழுகைக்கும் சத்தியத்துக்கும் தயாராக வந்த அதிகாரி, பேனாவைத் திறக்க மறந்து நின்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உதவித்தொகை நின்னுடும். வாங்கினதையும் திருப்பிக் கட்டணும்."

"தெரியும் மேடம். எழுதிக்குங்க."

விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பொறுக்க முடியாமல் வெடித்தது. "எந்தப் பாவி போட்டுக் கொடுத்தாளோ! அவ நாக்கு அழுகிப் போக!"

"வாயை மூடுடி. அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றாள் பெரியக்கா, திரும்பிப் பார்க்காமல்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். பாவம்னு இவளை வெச்சிருந்தேன். இவ ஒருத்திதான். பெரிசு பண்ணாதீங்க."

"ஒருத்திதானா?" பெரியக்கா விரிப்பின் மறுமுனையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அப்ப இதைக் கொஞ்சம் பிடிங்க முதலாளி. உருளைக்குள்ள விடலாம்."

முதலாளி உருளையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம்? ரெட்டைக் கட்டில் விரிப்பு. இந்த முனையில நான் நின்னா, அந்த முனையில இன்னொருத்தி நின்னே ஆகணும். அப்படி நின்னவதான் எங்க சுண்டெலி. ஆள் அத்தனை சின்னது, அத்தனை சுறுசுறுப்பு. போன மாசம் அவ வலது கை இந்த உருளைக்குள்ள போயிடுச்சு."

"பொய்! அவ வீட்டு அடுப்புல சுட்டுக்கிட்டா. இங்க அப்படி யாரும் வேலையே செய்யலை!"

"ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னார் மேடம். அவளுக்கு நஷ்டஈடும் இல்லை, மருந்துச் செலவும் இல்லை. நீங்க எழுதுங்க. இந்த முனையில நான், அந்த முனையில அவ. அவ முழுப் பேரையும் சொல்றேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இதை எழுதினா தொழிலாளர் துறைக்கு நான் அனுப்பியே ஆகணும். அவங்க வந்து விசாரிப்பாங்க. உங்க வேலை போயிடும்."

"எனக்கு ரெண்டு கையும் இருக்கு மேடம். வேற இடம் பார்த்துக்குவேன்."

"நீ நல்லா இருப்பியா?" என்று கத்தினார் முதலாளி. சற்று முன் சொன்ன 'அக்கா' என்ற மரியாதை போய்விட்டிருந்தது.

"வேற யாராவது இங்க வேலை செய்யறாங்களா?"

பெரியக்காவின் பார்வை ஒரு கணம் ரப்பர் செருப்புகளின் மேல் போய்த் திரும்பியது. "எனக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டு முனைதான் மேடம்."

அந்தச் செருப்புகளை அதிகாரியும் பார்த்திருந்தாள். அதை எழுதாமலே காகிதத்தை நீட்டினாள். பெரியக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். உருளையை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் அதிகாரி தயங்கி நின்றாள். "உங்களுக்கு வேண்டாதவங்க யாரோ இருக்காங்கம்மா. பின்வாசல் வழியா வாங்க, உருளைப் பக்கம் பாருங்கன்னு எல்லா விவரமும் போன்ல சொல்லியிருக்காங்க. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

பெரியக்கா அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

"சுண்டெலி கை போயிடுச்சு, வந்து பாருங்கன்னு தொழிலாளர் ஆபீஸுக்கு நாலு தடவை போன் பண்ணேன் மேடம், ஒருத்தரும் வரலை. என்னைப் பிடிக்கச் சொல்லி உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் பண்ணேன், மறுநாளே வந்துட்டீங்க!"